மெட்பார்மினோடு ஏழு வருஷம்: எடை மெஷின் காட்டாததை இஞ்ச் டேப் காட்டியது

அம்மாவும் நானும் சாப்பிடுவது ஒரே மாத்திரை, மெட்பார்மின். அம்மாவுக்குச் சர்க்கரை, இப்போதெல்லாம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சினைப்பை நீர்க்கட்டி, பிசிஓஎஸ் என்பார்கள்; சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்குகிறேன். 2018 மார்ச்சில் முதல் முறையாக என் கைப்பையில் அந்த அட்டையைப் பார்த்ததும் அம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "உனக்குமா கண்ணு? இந்த வயசுலயா?" சர்க்கரை இல்லை, பீரியட்ஸ் ஒழுங்காக வருவதற்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சர்க்கரை மாத்திரைக்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எனக்குமே சரியாகத் தெரியாது.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. நடுவில் பிள்ளைப்பேறுக்காக விட்ட ஒன்றரை வருஷம் போக மற்ற நாளெல்லாம் சாப்பிட்டிருக்கிறேன். இந்த மாத்திரையைப் பற்றி விசாரிக்கிற பெண்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை கிலோ குறைஞ்சது?" நானும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். அந்த ஒரு கேள்வியையே பிடித்துக்கொண்டிருந்ததால், மருந்து எனக்கு என்ன செய்தது என்பதை முதல் நாலு வருஷம் பார்க்கவே இல்லை. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கியூசி வேலை, அதாவது தைத்து வருகிற துணியின் தரம் சரிபார்ப்பது. உயரம் 156 செ.மீ. 2018-ல் வயது 25, எடை 71 கிலோ. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் நாலே தடவைதான் பீரியட்ஸ், அதிலும் இரண்டு தடவை மாத்திரை போட்டு வரவழைத்தது. தாடையில் முடி வளரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை த்ரெட்டிங். கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருந்தது. அதை அழுக்கு என்று நினைத்துக் காலேஜ் நாளிலிருந்து பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து, தலைக்குக் குளிக்கும்போது ஷாம்பூ பட்டு எரிந்த நாளெல்லாம் உண்டு. மருத்துவர் என் பின்னலை ஒதுக்கி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லம்மா. உடம்புல இன்சுலின் அதிகமா இருக்குன்னு தோல் காட்டுது. இனிமே தேய்க்காதீங்க" என்றார். அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். எட்டு வருஷமாக நான் சுத்தமில்லாதவள் என்று எனக்குள்ளேயே வெட்கப்பட்டுக்கொண்டு, எப்போதும் தலைமுடியைக் கழுத்து மறையும்படி விட்டிருந்தேன்.

நீர்க்கட்டி என்ற பெயரே பலரைப் பயமுறுத்திவிடுகிறது. ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய கட்டி என்று நினைக்கிறார்கள். ஸ்கேனில் தெரிவது கட்டியே அல்ல. ஒவ்வொரு மாதமும் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வரவேண்டிய சின்னச் சின்னப் பைகள், பாதி வளர்ந்து அப்படியே நின்றுபோய் சினைப்பையைச் சுற்றி வரிசையாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. 1935-ல் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பார்த்து எழுதியதிலிருந்து இந்தப் பிரச்சினைக்கு ஒரு வடிவம் கிடைத்தது. ஆனால் ஸ்கேனில் தெரிந்தால் மட்டும் போதாது. 2003-ல் ராட்டர்டாமில் கூடி வகுத்த விதிப்படி, மாதவிலக்கு தாறுமாறாக இருப்பது, ஆண் ஹார்மோன் கூடுதலாக இருப்பது, ஸ்கேனில் அந்தப் பைகள் தெரிவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும். தைராய்டு மாதிரி வேறு காரணம் இல்லை என்றும் பார்த்துவிட வேண்டும். எனக்கு மூன்றுமே இருந்தன.

சர்க்கரை மாத்திரைக்கும் மாதவிலக்குக்கும் சம்பந்தம் என்னவென்றால், எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.9. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு 162. 140-க்குள் இருந்திருக்க வேண்டும். என் உடம்பு இன்சுலின் சொல்வதை அரைகுறையாகத்தான் கேட்கிறது. அதனால் கணையம் இன்னும் இன்னும் சுரந்து தள்ளுகிறது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. ரத்தத்தில் அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் செய்யவிடாமலும் தடுக்கிறது. முட்டை முதிராது, முடி வளரும், வயிற்றில் கொழுப்பு சேரும். கொழுப்பு சேரச் சேர இன்சுலின் இன்னும் எடுபடாது. "உடம்பைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும் அம்மிணி" என்று கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிற வழியில் நிறுத்திச் சொல்கிறவர்களுக்கு இந்தச் சுற்று தெரிவதில்லை. குறைத்தால் சரியாகும் என்பது உண்மைதான். அதைக் குறைக்கவிடாமல் பிடித்துவைப்பதும் அதே நோய்தான்.

மாதவிலக்கை ஒழுங்குபடுத்த வழக்கமாகக் கொடுப்பது கருத்தடை மாத்திரை. நாங்கள் குழந்தைக்குப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது ஒத்துவராது என்று சொல்லி, கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு மெட்பார்மின் எழுதினார் மருத்துவர். இது அடிப்படையில் சர்க்கரை நோய் மருந்து. ஐரோப்பாவில் வளரும் ஒரு செடியில் இருந்த பொருளிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி. 1957-ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். கல்லீரல் ரத்தத்தில் விடுகிற சர்க்கரையை இது குறைக்கிறது. சர்க்கரை குறைந்தால் இன்சுலின் குறையும், இன்சுலின் குறைந்தால் சினைப்பைக்குத் தொந்தரவு குறையும்.

சரி, சாப்பிட்டது எப்படி இருந்தது என்பதற்கு வருகிறேன்.

முதல் வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 500 மி.கி. ஒன்று. அட்டையைக் கிழித்ததும் லேசாகக் கருவாட்டு வாடை அடிக்கும். கெட்டுப்போன மாத்திரை என்று நினைத்துக் கடையில் மாற்றக் கேட்டேன், எல்லா அட்டையும் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது வாரம் காலையிலும் இரவிலும். அங்கேதான் சிக்கல். காலை இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டுக் கம்பெனி வேனில் ஏறினால், அவிநாசி ரோடு போய்ச் சேர்வதற்குள் வயிறு புரட்டும். போனதும் பாத்ரூம். பதினோரு மணிக்கு இன்னொரு தடவை. ஷிப்மென்ட் நாளில் செக்கிங் டேபிளை விட்டு எத்தனை தடவை நகர முடியும்? வாயில் இரும்பைச் சப்பியது மாதிரி ஒரு ருசி. மூன்று வாரம் பொறுத்துவிட்டு, நானாகக் காலை மாத்திரையை நிறுத்திவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோது தயங்கித் தயங்கிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "முன்னாடியே வந்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லி, எஸ்.ஆர். என்று போட்டு வருகிற, மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாற்றினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 500 இரண்டாகச் சேர்த்து. பத்து நாளில் வயிறு அடங்கிவிட்டது. இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துகிறவர்கள், எஸ்.ஆர். பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எஸ்.ஆர். சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அதை உடைத்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது. மெதுவாகக் கரைவதே அதன் வேலை, உடைத்தால் அது கெட்டுவிடும். இன்னொன்று, மலத்தில் சிலசமயம் மாத்திரை முழுசாக வருவது மாதிரி தெரியும். நானும் பயந்துபோனேன். மருந்தெல்லாம் உள்ளே கரைந்து, வெறும் கூடுதான் வெளியே வருகிறது.

ஆறு மாதம் கழித்து, 2018 செப்டம்பரில், எடை 69.2. ஆறு மாதத்துக்கு 1.8 கிலோ. அன்றைக்கு மெஷினிலிருந்து இறங்கின ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு வயிற்றுக் கஷ்டத்துக்கும் இதுதானா என்று இருந்தது. அந்த மருந்தால் சராசரியாக எதிர்பார்க்கக் கூடியதே இரண்டு மூன்று கிலோதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தெரியாததால் என்ன செய்தேன் என்றால், 2019 ஜனவரியில் எடை குறைக்கும் நிலையம் ஒன்றில் 18,000 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம். முதல் நாளே ஒரு தாளில் என் உயரத்தை எழுதி, பக்கத்தில் '55 கிலோ' என்று வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். காலையும் இரவும் தண்ணீரில் கலக்கும் பவுடர், மதியம் ஒரு கிண்ணம் வேகவைத்த காய். ஆறு வாரத்தில் 62.8-க்கு வந்துவிட்டேன். ஆபீசில் எல்லோரும் ரகசியம் கேட்டார்கள்.

அந்த ஆறு வாரத்தில் பீரியட்ஸ் வரவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. மார்ச்சில் சீப்பு நிறைய முடி. பவுடர் வாங்க மறுபடியும் பணம் கேட்டபோது நிறுத்தினேன். ஜூலையில் 71.5. ஆரம்பித்த இடத்தைவிட அரை கிலோ கூடுதல். அந்தத் தாளில் இருந்த 55 மட்டும் இரண்டு வருஷம் மண்டைக்குள்ளேயே இருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே மாதவிலக்கில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கலாம் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். 71-க்கு அது மூன்றரை கிலோ. பதினாறு கிலோ இல்லை. இதை அந்த இடத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு அந்த வருஷம் வேறு மாதிரி போயிருக்கும்.

எடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தபோது காலண்டரில் என்ன நடந்தது என்று பிறகுதான் எண்ணினேன். மளிகைக்கடையில் கொடுக்கிற மாதக் காலண்டரில் நாள் வந்தால் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது பழக்கம். பழைய காலண்டர்களை அத்தை தூக்கிப் போடமாட்டார், சப்பாத்தி உருட்ட, அலமாரியில் விரிக்க என்று எடுத்து வைத்திருப்பார். அவற்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 2017-ல் நாலு புள்ளி. 2018-ல் ஆறு. 2019-ல், அந்தப் பவுடர் கூத்து நடந்த வருஷத்திலேயே, எட்டு. எந்த மாத்திரையும் போட்டு வரவழைக்காத எட்டு. எடையில் ஒன்றுமே நடக்காத அதே காலத்தில் மருந்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இது வெறும் வசதிக்கான விஷயம் இல்லை. மாதக்கணக்கில் வராமல் இருந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருஷக்கணக்கில் அப்படி விட்டால் அங்கே புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். மூன்று மாதம் தாண்டினால் காத்திருக்காமல் வரச்சொல்லி மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னது அதனால்தான். "வராட்டி நிம்மதிதானே" என்று சொல்கிற தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களிடம் இதை ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

நடுவில் அத்தையின் வைத்தியமும் நடந்தது. கழற்சிக்காயை உடைத்து, உள்ளே இருக்கிற பருப்பை மிளகோடு இடித்து மோரில் கலக்கி, ஒரு மண்டலம், 48 நாள், தன் கையால் கொடுத்தார். அந்தக் கசப்பு தொண்டையிலிருந்து மதியம்வரை போகாது. முப்பத்தி எட்டாவது நாள் பீரியட்ஸ் வந்தது, அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். அது கழற்சிக்காயாலா, ஒரு வருஷமாகச் சாப்பிட்ட மாத்திரையாலா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றாக ஓடின. அடுத்த மாதம் தள்ளித்தான் போயிற்று. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வந்தவர் போனவரெல்லாம் "இன்னும் விசேஷம் இல்லையா" என்று கேட்ட நாளில், விடிகாலையில் எழுந்து எனக்காக உரலில் இடித்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு நாள்கூட குறை சொன்னதில்லை. நாட்டு மருந்து எடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

2020-ல் மெட்பார்மினோடு லெட்ரோசோல் சேர்த்துக் கொடுத்தார்கள், முட்டை முதிர்வதற்கு. மூன்றாவது சுற்றில் கரு நின்றது. உறுதியானதும் என் விஷயத்தில் மெட்பார்மினை நிறுத்தச் சொன்னார் மருத்துவர். ஏழாம் மாதம் கர்ப்பகாலச் சர்க்கரை வந்தது, சாப்பாட்டிலேயே அடக்கிவிட்டோம். 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலை நடுவே, மகள் பிறந்தாள். 2022 ஜனவரியில் மறுபடி மெட்பார்மின் தொடங்கியபோது எடை 75.8.

வேலைக்குத் திரும்பியது அந்த ஜூனில். இங்கேதான் டேப் வருகிறது.

கியூசியில் நாள் முழுக்க அளப்பதுதான் வேலை. செஸ்ட் எத்தனை, லெங்த் எத்தனை, சார்ட்டில் இருக்கிற அளவுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய இருக்கலாம், அதற்கு டாலரன்ஸ் என்று பெயர். பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதனால் பீஸை டேபிளில் விரித்துச் சுருக்கம் நீவி, இழுக்காமல், அக்குளுக்குக் கீழே எப்போதும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். ஒரே பீஸை இரண்டு பேர் அளந்து இரண்டு அளவு வந்தால், பீஸில் தப்பில்லை, அளந்த முறையில் தப்பு. புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். ஒரு நாள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தோன்றியது: வீட்டில் நான் மெஷினில் ஏறுவதற்கு எந்த முறையாவது இருக்கிறதா? ஒரு நாள் காலையில், ஒரு நாள் இரவில். பீரியட்ஸுக்கு முந்தைய நாள், உடம்பில் நீர் கோத்திருக்கும்போது. உப்புக்கண்டம் சாப்பிட்ட மறுநாள். அரை கிலோ கூடினால் அன்று முழுக்க மனசு சரியில்லை, இரவு பட்டினி, மறுநாள் மாலையில் பசியில் கிடைத்ததைச் சாப்பிடுவது.

அன்று ஸ்டோரில் கேட்டு ஒரு புது டேப் வாங்கினேன். துணி டேப் நாளாக ஆக இழுபட்டு நீண்டுவிடும். கம்பெனியில் அவ்வப்போது ஸ்டீல் ஸ்கேலோடு ஒத்துப் பார்ப்போம். அதனால் ஃபைபர் டேப். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலையில் காலைக்கடன் முடித்து, ஒன்றும் சாப்பிடாமல். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நட்டநடுவில், மூச்சை இயல்பாக விட்டுவிட்டு, டேப் தோலை இறுக்காமல். எனக்கு அங்கே ஒரு மச்சம் இருக்கிறது, அதுதான் என் பாயின்ட். முதல் அளவு 97 செ.மீ. நம் ஊர்ப் பெண்களுக்கு 80-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. எடையையும் அதே ஞாயிறு மட்டும் பார்ப்பது, ஒன்றரை கிலோவுக்குள் ஏறினாலும் இறங்கினாலும் அது டாலரன்ஸ் என்று எடுத்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். என் மனசுக்கு இந்த ஒரு முடிவு செய்த நல்லது ரொம்பப் பெரிது.

சாப்பாட்டில் பட்டினி கிடப்பதை விட்டேன். அம்மாவின் குளுக்கோமீட்டரை ஒரு மாதம் கடன் வாங்கி, எது எனக்கு ஏற்றுகிறது என்று பார்த்தேன். சிறுதானியம் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைத்திருந்தேன். ராகிக் கஞ்சி ஒரு பெரிய டம்ளர் குடித்து ஒரு மணி நேரத்தில் 171. அதே ராகியைக் களியாகக் கிண்டி, கொள்ளுப் பருப்பும் கீரையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாப்பிட்டால் 142. பொருள் ஒன்றுதான். அரைத்துக் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் ஏறுகிறது, பருப்போடு சேர்ந்தால் மெதுவாக ஏறுகிறது. என் உடம்பின் அளவு இது, உங்களுக்கு வேறாக இருக்கலாம். காலையில் நாலு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை. மதியம் சோறு இருக்கிறது, நிறுத்தவில்லை. அளவு பாதி, மீதி இடத்தில் பொரியலும் சுண்டலும். நாலு மணி டீக்கு வடைக்குப் பதில் வறுத்த கடலை. இதெல்லாம் பெரிய உணவுத்திட்டம் இல்லை. மூன்று வருஷமாக விடாமல் நடப்பதே இது பெரிதாக இல்லாததால்தான்.

மெட்பார்மினும் இதில் உதவியது. இரவு ஒன்பது மணிக்கு வீடு வந்ததும் இனிப்புக்குக் கை நடுங்குகிற மாதிரி ஒரு பசி வரும். அது மெல்ல மெல்லக் குறைந்தது. மருந்து எடையைக் குறைக்கவில்லை, குறைக்கிற வேலையைச் செய்வதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது என்றுதான் நான் சொல்வேன்.

உடற்பயிற்சியில் நான் தப்பாக நினைத்திருந்தது: நாள் முழுக்க நிற்கிறேனே, அது போதும் என்று. நிற்பது களைப்பைத்தான் கொடுத்தது. 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலில் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை மாதிரி பயிற்சியோடு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாள் சொல்கிறார்கள். மருத்துவர் விளக்கியது எளிது: தசைதான் சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்ளும் இடம். மொட்டை மாடியில் மூன்று கிலோ டம்பெல்லில் ஆரம்பித்தேன், இப்போது ஏழரை. செவ்வாய், சனி. வீட்டுக்காரர் மகளைப் பார்த்துக்கொள்கிறார், அரை மணி நேரம். இதே வழிகாட்டுதலில், எடையைச் சொல்லிப் பெண்களை மட்டமாக நடத்தக் கூடாது, அதுவே சிகிச்சையைக் கெடுக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அதை என் மருத்துவர் படித்துச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த மருந்தைப் பற்றி எச்சரிக்கையாக ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 2023 கடைசியில் பாதங்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ராத்திரி உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி. நின்று வேலை செய்வதால் என்று மூன்று மாதம் தைலம் தேய்த்தேன். கடைசியில் பி12 பார்த்தால் 168. 200-க்குக் கீழே இருந்தால் குறைவு. மெட்பார்மின் நாள்பட எடுத்தால் பி12 உறிஞ்சுவது குறையும், இது நன்றாகத் தெரிந்த விளைவு. நான் கறி மீன் எப்போதாவதுதான், அதனால் இன்னும் சீக்கிரம் தீர்ந்திருக்கிறது. ஊசி போட்டு, பிறகு மாத்திரைக்கு மாறி, நாலைந்து மாதத்தில் சரியானது. வருஷத்துக்கு ஒருமுறை பி12-உம் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள். அம்மாவுக்கும் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் குறைவாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாகக் கால் எரிச்சலைச் சர்க்கரையால் என்று விட்டிருந்தார்.

செலவு பெரிய பாரமில்லை, எனக்கு மாத்திரைக்கு மட்டும் மாதம் இருநூறு ரூபாய்க்குள் முடிகிறது. பரிசோதனைகள்தான் அதிகம். தாடை முடிக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, த்ரெட்டிங் தொடர்கிறது. இன்னொன்று, குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்கள் கவனியுங்கள்: பீரியட்ஸ் ஒழுங்கானால் முட்டையும் வெளியே வருகிறது, "எனக்குத்தான் நீர்க்கட்டியாச்சே" என்று அசட்டையாக இருக்க முடியாது.

2025-ல் எடை குறைக்கிற மவுன்ஜாரோ, வீகோவி ஊசிகள் இந்தியாவுக்கு வந்த பிறகு ஆபீசில் எல்லோருக்கும் அந்தப் பேச்சுதான். நான் போட்டதில்லை. மருத்துவரிடம் கேட்டேன். எடை குறைவது உண்மை என்றார். நிறுத்தினால் பெரும்பகுதி திரும்புவதும் உண்மை, கருத்தரிக்க நினைத்தால் முன்கூட்டியே நிறுத்தவேண்டும் என்றார். எனக்கு அடுத்த குழந்தை பற்றிய யோசனை இருப்பதால் இப்போது வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். போட்டுக்கொள்கிறவர்களைக் குறுக்குவழி என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த உடம்போடு வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போதைய கணக்கு. எடை 68.4. ஏழு வருஷத்தில், எடை மெஷினைக் கேட்டால், 2.6 கிலோ. ஒரு மாத்திரைக்கு யாரும் இதைப் பெருமையாகச் சொல்லமாட்டார்கள். டேப்பைக் கேட்டால், மூன்று வருஷத்தில் 97-லிருந்து 85. ஹெச்பிஏ1சி 5.5. இரண்டு மணி நேர அளவு 128. 2024 காலண்டரில் பதினொரு புள்ளி. கழுத்தில் அந்தக் கறுப்பு முழுசாகப் போகவில்லை, நிறம் மங்கி, தோல் மெத்தென்று ஆகிவிட்டது. போன வருஷத்திலிருந்து தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

மருந்தை நானே தொடங்கவில்லை, நானே கூட்டவும் மாட்டேன். இதைப் படித்துவிட்டு யாரும் அம்மாவின் அட்டையிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டாம். சிறுநீரகமும் கல்லீரலும் பார்க்காமல் தொடங்கக் கூடாத மருந்து இது.

போன ஞாயிறு அளந்தபோது மகள் பக்கத்தில் நின்று டேப்பின் அந்தப் பக்கத்து நுனியை மச்சத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "இழுக்காதே, சும்மா வை" என்றேன். வைத்தாள். 85. நோட்டில் எழுதினேன். தன்னையும் ஒரு தடவை அளக்கச் சொன்னாள், உயரத்தை. கதவோரம் பென்சிலால் கோடு போட்டோம்: 104.